படி தாண்டாத மாதா

போன மாதம் தில்லை நகரில், என் மகன் வீட்டில், பேத்திக்குப் பிறந்தநாள். நான்காவது மாடி. லிஃப்ட் இருக்கிறது, அது வேலை செய்கிற நாளும் உண்டு. கேக்கின் மேல் இருந்த மெழுகுவர்த்திகளைக் குழந்தை ஊதி அணைத்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அணைந்த திரியிலிருந்து வந்த புகை மூக்கில் ஏறியதும் ஆள் அங்கே இல்லை. பாலக்கரையில் நாங்கள் குடியிருந்த சந்து வீட்டில், 1962ஆம் வருஷத்து அக்டோபரில் போய் நின்றுவிட்டேன். "என்னம்மா, கேக் வேணாமா? சுகரை நினைச்சு பயமா?" என்று மகன் கேட்டான். சுகர் எனக்குக் கிடையாது, அவனுக்குத்தான். இரண்டு துண்டு வாங்கித் தின்றேன் என்பதை உங்களிடம் மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மெழுகு வாசம் என்றால் எங்கள் சந்துக்காரர்களுக்கு அக்டோபர் மாதம்தான். அது செபமாலை மாதம். அந்த மாதம் முழுக்க மாதா வீடு வீடாக வருவாள். இரண்டு கையால் தூக்கிக்கொள்ளக்கூடிய மரச் சுரூபம், கண்ணாடி போட்ட பெட்டிக்குள் இருக்கும். எந்த நாளில் எந்த வீடு என்று மாதத் தொடக்கத்திலேயே பூசை முடிந்ததும் உபதேசியார் அறிவித்துவிடுவார். உபதேசியார் என்றால் கோயிலில் சாமியாருக்கு அடுத்தபடி அவர்தான். பாட்டு எடுத்துக்கொடுப்பது, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுப்பது, பூசை நேரத்தில் பேசுகிறவர்களை முறைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு வீட்டில் மாதா ஓர் இரவும் ஒரு பகலும் இருப்பாள். மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சந்தே திரண்டு, ஆளுக்கொரு மெழுகுவர்த்தி பிடித்து, பாடிக்கொண்டே அடுத்த வீட்டுக்குக் கொண்டு போகும். மாதக் கடைசியில் மாதா கோயிலுக்குத் திரும்பிவிட வேண்டும்.

இப்போது திருப்பலி, ஆலயம், இயேசு என்றெல்லாம் அழகாகச் சொல்கிறார்கள். எங்களுக்குப் பூசை, கோயில், சேசு. மருமகள் என்னைத் திருத்திப் பார்க்கிறாள். நான் திருந்துவதாக இல்லை.

மாதா வருகிற வீட்டில் செபம் முடிந்ததும் எல்லாருக்கும் ஏதாவது தருவார்கள். எந்த வீட்டில் சுண்டல், எந்த வீட்டில் பொரிகடலை, எந்த வீட்டில் வெறும் தோத்திரத்தோடு அனுப்பிவிடுவார்கள் என்பது சின்ன வயதிலிருந்தே எனக்கு அத்துப்படி. பக்தி அதற்கேற்ப ஏறி இறங்கும். வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் இந்தப் புத்தி போகவில்லை.

ஆமாம், அப்போது எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு, எதிரே இருக்கிற பலகையில் ஒரு ஓட்டையிலிருந்து இன்னொரு ஓட்டைக்கு வயரைச் செருகிக்கொண்டே இருக்க வேண்டும். நாள் முழுக்க "நம்பர் ப்ளீஸ்". என் குரல் ரொம்ப நன்றாக இருக்கும் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை பேரும் முகத்தைப் பார்க்காதவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து நாற்காலியில் வைதேகி. ஸ்ரீரங்கத்துப் பெண், சித்திரை வீதி. காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, கூந்தலில் துளசியோடு டவுன் பஸ் பிடித்து வருவாள். அவள் தயிர்சாதமும் என் மீன் குழம்பும் ஒரே நேரத்தில் மேஜைக்கு வர முடியாது. அவள் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிய பிறகு நான் என் டப்பாவைத் திறப்பேன். இதில் எங்களுக்குள் ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை.

என் தம்பி சூசை அப்போது ராணுவத்தில் இருந்தான். அப்பாவுக்குப் பொன்மலையில் ரயில்வே வேலை. தம்பியையும் அங்கேயே நுழைத்துவிடலாம் என்று கனவு கண்டுகொண்டிருந்தார். அவனோ, ராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு நண்பனுக்குத் துணையாகப் போனான். நண்பனைத் திருப்பி அனுப்பிவிட்டு இவனை எடுத்துக்கொண்டார்கள். ஜங்ஷனில் வண்டி ஏற்றும்போது அம்மா அவன் கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றைப் போட்டு, "குளிக்கும்போதுகூடக் கழட்டாதடா" என்றாள். "அங்க இருக்குற குளிருக்குக் குளிக்கவே முடியாதாம்மா" என்றான். வண்டி நகர்ந்ததும் அம்மா, "குளிக்காம எப்படிடா" என்று கத்திக்கொண்டே கூட ஓடினாள். பிளாட்பாரமே சிரித்தது.

அந்த அக்டோபரில்தான் சீனாவோடு சண்டை மூண்டது. கடைசியாகக் கடிதம் போட்டபோது சூசை வடகிழக்கில் ஏதோ மலையில் இருந்தான். ஊர் பெயரை எழுதக் கூடாதாம். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. அப்பா முக்குக் கடை வாசலில் நின்று நியூஸ் கேட்டுவிட்டு வந்து, "ஒண்ணும் பெரிசா இல்ல" என்பார். முகத்தைப் பார்த்தால் பெரிதாக ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். எனக்கு வயிற்றெரிச்சல் வேறு மாதிரி. பெரிய கடை வீதித் துணி வியாபாரியை மெட்ராஸில் இருக்கிற அவர் மச்சானோடு தினமும் பேச வைக்கிறேன். 'இங்க நல்ல மழை, அங்க எப்படி' என்று அவர்கள் பேசுவதற்கெல்லாம் லைன் இருக்கிறது. என் தம்பி இருக்கிற மலைக்கு என் பலகையில் ஒரு ஓட்டை இல்லை.

வீட்டில் தினமும் ஏழு மணிக்குச் செபமாலை. அப்பாதான் முன்னால் சொல்வார். சாதாரண நாளில் மெயில் வண்டி வேகம். நாங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் விரல் செபமாலையின் அடுத்த மணிக்குப் போயிருக்கும். சண்டைச் செய்தி வந்த பிறகு அந்த வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போயிற்று. அம்மா வழக்கமாக இரண்டாவது பத்து மணிகளை உருட்டும்போதே சுவரில் சாய்ந்து கண் அசந்துவிடுவாள். இப்போது கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னையும் திட்டுவதில்லை, யாரையும் திட்டுவதில்லை. அம்மா திட்டாத வீடு எங்களுக்குப் பழக்கமில்லாததால் பயமாக இருந்தது.

இந்த நிலைமையில் எங்கள் முறை வந்தது. வெள்ளைத் துணி விரித்த மேஜையில் மாதாவை இறக்கி வைத்தார்கள். செவ்வந்தி மாலை, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. அம்மா அன்றிரவு பாயை மேஜைக்குக் கீழேயே போட்டுக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல ஆட்கள் கூடினார்கள். உபதேசியார் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "என்னம்மா, கிளம்பலாமா?" என்றார்.

"இன்னைக்குப் போகலீங்க" என்றாள் அம்மா.

"போகலைன்னா?"

"எம் புள்ளகிட்டேருந்து சேதி வரட்டும். அதுவரைக்கும் மாதா இங்கதான் இருப்பாங்க."

வாசலில் நின்றவர்கள் கையில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பாட்டை ஆரம்பித்த ஒருவர் பாதியில் நிறுத்தினார். மெழுகு உருகிக் கையில் விழ விழ, ஒவ்வொருவராக ஊதி அணைத்துவிட்டுப் போனார்கள். நான் சொன்னேனே, அந்த வாசம்தான். சந்து முழுக்க அணைந்த திரி வாசம்.

அடுத்த முறை பக்கத்து வீட்டு அந்தோணியம்மாவுடையது. அவர் மகள் ஸ்டெல்லா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நாள் நெருங்கிவிட்டது, கால் இரண்டும் வீங்கிக் கிடந்தது. மாதா வந்து போன பிறகு வலி எடுத்தால் போதும் என்று அந்தோணியம்மா நாளை எண்ணிக்கொண்டிருந்தார். சுவருக்கு வெள்ளையடித்து, காகிதத் தோரணம் கட்டி, பெட்ரோமாக்ஸ் விளக்குக்கூட இரவல் வாங்கி வைத்திருந்தார். மறுநாள் காலை குழாயடியில் என் காதில் விழும்படியாகவே கேட்டார்: "அவங்க புள்ள மட்டும்தான் புள்ளையா? எம் பொண்ணு வயித்துல இருக்கறது என்ன, பூனைக்குட்டியா?" அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் அம்மாவைச் சொன்னதும் எனக்குக் கோபம் வந்தது. குடத்தை நிரப்பாமலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உபதேசியார் தினமும் வந்தார். "மாதா மாசக் கடைசிக்குள்ள கோயிலுக்குத் திரும்பணும்மா. இன்னும் எத்தனை வீடு பாக்கி இருக்கு. நான் பங்குச் சாமிக்கு என்ன பதில் சொல்றது?" என்பார். அம்மா காபி கொடுப்பாள். காபியைக் குடித்துவிட்டு எப்படிச் சண்டை போடுவது? டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்பா சொல்லிப் பார்த்தார். நான் சொல்லிப் பார்த்தேன். "அவங்கள அனுப்பிட்டா அப்புறம் நான் யாரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்?" என்று ஒரே பதில்தான்.

சாப்பாட்டு வேளையில் வைதேகியிடம் இதைச் சொன்னேன். சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் தயிர்சாதத்தை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏண்டி, எங்க கோயில் தாயாருக்குப் படி தாண்டா பத்தினின்னு பேரு, தெரியுமோல்லியோ? பெருமாள்தான் வீதியெல்லாம் புறப்பாடு போவார். தாயார் ஆத்தை விட்டு நகரமாட்டா. வேணுங்கறவா போய்த்தான் சேவிச்சுக்கணும். உங்கம்மா உங்க மாதாவையும் அப்படி ஆக்கிட்டா. இதுக்கா அழறே?"

வீட்டுக்கு வந்து இதை அப்பாவிடம் சொன்னேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். அப்பா முதலில் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் வயிறு குலுங்கியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்பா சிரித்தார், சத்தமில்லாமல், துண்டை வாயில் வைத்துக்கொண்டு. சிரித்து முடித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே என்ன பேசினார் என்று தெரியாது. அன்று ஏழு மணிக்கு அந்தோணியம்மா ஸ்டெல்லாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார். இன்னொரு கையில் சுண்டல் சட்டி.

"மாதா வரலைன்னா என்ன, நாங்க வந்துட்டோம்" என்றார், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

அதற்கு மறுநாளிலிருந்து மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். முன் அறை கொள்ளாமல் வாசலில் நின்று செபம் சொன்னார்கள். எங்கள் முறைக்கு நாங்கள் கொடுத்தது வெறும் பொரிகடலை. இப்போது ஊரார் கொண்டுவந்த பலகாரத்தைச் சாப்பிட்டோம். அம்மா யாரையும் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஸ்டெல்லாவுக்கு மட்டும் முதுகுக்கு ஒரு தலையணை கொண்டு வந்து வைத்தாள்.

திங்கட்கிழமை வந்தது. திங்கட்கிழமையில் சந்தோஷ தேவ இரகசியங்களை, அதாவது மாதாவுக்கு வந்த ஐந்து சந்தோஷங்களை, தியானித்துச் செபமாலை சொல்ல வேண்டும். வெளியே ஐப்பசி மழை. அப்பா முதல் நான்கு இரகசியங்களையும் தாண்டி ஐந்தாவதுக்கு வந்தார். பன்னிரண்டு வயதில் காணாமற்போன சேசுநாதரை மாதா தேடிப் போய்த் தேவாலயத்தில் கண்டுபிடித்தது. நாங்கள் வாரத்துக்கு இரண்டு முறை, பிறந்ததிலிருந்து கேட்டுவருகிற விஷயம். அப்பா சொல்லிவிட்டுப் பரலோக மந்திரத்தை ஆரம்பிக்கப் போனார்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் அம்மா. "எத்தனை நாள் தேடினாங்க?"

"யாரு?"

"மாதாதான். புள்ளையக் காணாம எத்தனை நாள் தேடினாங்க?"

"மூணு நாள்" என்றார் அப்பா. ஞானோபதேச வகுப்பில் பதில் சொல்கிற பையன் மாதிரிச் சொன்னார்.

அம்மா மேஜையைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாவைப் பார்த்தாள்.

"அந்த மூணு நாளும் இந்த மாதா எந்த மாதாவைப் பிடிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா?" என்றாள். "நடந்தாதானே. எம் புள்ளையப் பாத்தீங்களான்னு கேட்டுக்கிட்டே வீடு வீடா நடந்தா. நடந்தவளை நான் உக்கார வச்சிட்டேனே."

யாரும் பதில் சொல்வதற்குள் எழுந்துவிட்டாள். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "எந்திரி கண்ணு, உங்க வீட்டுக்குப் போலாம்" என்றாள் ஸ்டெல்லாவிடம்.

"செபமாலை இன்னும் முடியலையே" என்றார் அப்பா.

"மிச்சத்தை அங்க சொல்லிக்கலாம்."

மெழுகுவர்த்தி இல்லை, பாட்டு இல்லை. மழையில் எது எரியும்? செபத்துக்கு வந்திருந்த உபதேசியார் தன் குடையை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினார். குடை மாதாவுக்கு. அம்மாவும் அவரும் தொப்பலாக நனைந்தார்கள். பக்கத்து வாசல்தான், எட்டி வைத்தால் போய்விடலாம். அந்தோணியம்மா வாசற்படியில் நின்று கையை நீட்டினார். அம்மா உடனே கொடுக்கவில்லை. கண்ணாடியில் ஒரு தடவை நெற்றியை வைத்தாள்.

"அவன் எங்க இருந்தாலும் உம் புள்ளதான். நீ பாத்துக்க" என்றாள். பிறகு கொடுத்துவிட்டாள்.

அந்தோணியம்மா மாதாவை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, திரும்பி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அம்மா அழவில்லை. "ஈரத்துல நிக்காதீங்க, போய் விளக்கை ஏத்துங்க" என்றாள்.

மிச்சச் செபமாலையைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தோம். வெறும் மேஜையைப் பார்த்து அம்மா உடைந்துபோவாள் என்று நான் தயாராக நின்றேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே, "நாளைக்கு இட்லிக்கு உளுந்து ஊறப் போட்டியா?" என்றாள். போடவில்லை. "காதுல கருவியை மாட்டிக்கிட்டு ஊருக்கெல்லாம் பதில் சொல்லத் தெரியுது, வீட்டுல ஒரு வேலை சொன்னா ஏறுதா" என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் திட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். படுத்ததும் குறட்டை. அப்பா என்னைப் பார்த்து, பேசாதே என்று விரலை உதட்டில் வைத்தார்.

விசுவாசம் என்றால் என்ன என்று கேட்டால் ஞானோபதேசத்தில் இருக்கிற பதிலை அந்த வயதில் நான் ஒரு மூச்சில் ஒப்பிப்பேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அம்மாவைத் தொற்றி அது கொஞ்சம் எனக்கும் வந்தது. மறுநாள் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தபோது என் பயம் பாதியாகியிருந்தது. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளக்கத் தெரியாது. வைதேகியிடம் சொன்னேன். "அப்போ உங்க மாதா படி தாண்டியாச்சா? தேவலை" என்று சொல்லித் துளசியில் ஒரு இணுக்கு கிள்ளிக் கொடுத்தாள்.

நீங்கள் எதிர்பார்ப்பது புரிகிறது. மறுநாள் காலை தந்தி வந்தது என்று சொல்லப்போகிறேன் என்றுதானே? வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. உபதேசியார் காலையில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு என்று மாதாவை வேகவேகமாகக் கொண்டு போய் மாதக் கடைசிக்குள் ஒப்பேற்றிவிட்டார். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நவம்பரில் ஸ்டெல்லாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் மூன்று நாளும் அம்மாதான் அங்கே பத்தியச் சமையல். சண்டை நின்றது என்று அப்பா கேட்டுவிட்டு வந்தார். சூசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மா அதே அம்மாவாகவே இருந்தாள். செபமாலையின் இரண்டாவது பத்து மணிகளிலேயே கண் அசந்தாள். அப்பாவின் வண்டியும் பழைய வேகத்துக்கு வந்தது.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கார்டு வந்தது. வடக்கே ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து, யாரோ எழுதிக்கொடுத்தது. சூசை உயிரோடு இருக்கிறான், பனியில் கால் விரல்கள் சில போய்விட்டன, கை விரல் தேறியதும் அவனே எழுதுவான். நான் படிக்கப் படிக்க அம்மா அப்படியே முழங்காலில் நின்றாள். "நடக்க முடியுமாமா?" என்று கேட்டாள். முடியும் என்றேன். கார்டைப் பிடுங்கிக்கொண்டு அந்தோணியம்மா வீட்டுக்கு ஓடினாள்.

அந்தச் சந்தில் இப்போது வீடே கிடையாது. எங்கள் வீடும் அந்தோணியம்மா வீடும் சேர்ந்து ஒரு லாட்ஜ் ஆகிவிட்டன. எக்ஸ்சேஞ்சில் பலகையும் போயிற்று, "நம்பர் ப்ளீஸ்" கேட்கிற பெண்களும் போயாயிற்று. வைதேகி மகனோடு வெளிநாட்டில். மாதா இப்போதும் அக்டோபரில் வருகிறாள், பொய் சொல்லக்கூடாது. எந்த ஃபிளாட்டில் எப்போது என்று ஃபோனில் தகவல் வருகிறது. வீட்டுக்கு அரை மணி நேரம், லிஃப்ட்டில் ஏறி வந்து லிஃப்ட்டில் இறங்கிப் போகிறாள். யாரும் பிடித்து வைப்பதில்லை. அப்படி யாராவது பிடித்து வைத்தால், சுண்டல் சட்டியோடு எத்தனை பேர் அந்த வீட்டுக்கு வருவார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

சூசை காட்டூரில் வீடு கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பான், ஆனால் நடப்பான். தினமும் காலையில் நான் ஃபோன் பண்ணுவேன். போன வெள்ளிக்கிழமை அடித்து அடித்துப் பார்க்கிறேன், எடுக்கவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்த மகனை ஸ்கூட்டரில் காட்டூருக்கு விரட்டினேன். சூசை மொட்டைமாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தானாம், ஃபோன் கீழே சார்ஜில் கிடந்ததாம். உடனே கூப்பிட்டான்.

"அரை மணி நேரம் ஃபோன் எடுக்கலைன்னா ஊரைக் கூட்டுறியே. நீ அம்மாவுக்குப் பொறந்தவதானாக்கா?" என்று சிரித்தான்.

"பொறந்தவதான்டா" என்று நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். அந்த வருஷம் அக்டோபர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் அம்மாவுக்கு ஒரு சேதியும் கிடையாது. அவள் தினமும் சாப்பிட்டாள், தூங்கினாள், எங்களைத் திட்டினாள். எனக்கு அரை மணி நேரம்கூடத் தாங்க முடியவில்லை.